சும்மா உக்காந்திருந்த ஐநெட்-டி

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். லாரிக்குப் பில்லு அடிச்சுக் குடுக்கணும்.

புதுச்சத்திரத்துல ஒரு பெட்ஷீட் குடோன்ல பில்லு போடறவ நான். ஆபீஸ் கம்ப்யூட்டரு பழசு, ஆடி அசைஞ்சுதான் ஓடும். நாமளே சுத்தம் பண்ணுவோம்னு, உள்ள ஓடற புரோகிராமை எல்லாம் திரையில வரவெச்சுப் பாத்தேன்.

ஐநெட்-டின்னு ஒண்ணு. காலையில இருந்து துரும்பைக்கூட நகத்தல! சும்மா உக்காந்திருக்கறவங்களைப் பாத்தா எனக்கு ஆகாது. எம் மவளையே விடமாட்டேன். நிறுத்தித் தள்ளுனேன்.

பில்லுக்குப் பிரிண்ட் குடுத்தேன். பிரிண்டர் அசையல. இன்னொருக்கா குடுத்தேன். ம்ஹூம்!

வெளிய லோடு ஏறியாச்சு. டிரைவர் முருகேசண்ணன் ஹாரனை அமுக்கறாரு. பில்லு இல்லாம போனா லாரியச் செக்கிங்ல புடிச்சுக்குவாங்க. என்னைய முதலாளி புடிச்சுக்குவாரு.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்கற செந்திலண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, சும்மா கெடந்த ஐநெட்-டியத்தான் நிறுத்துனனுங்க."

"அடக் கொடுமையே! அது சும்மா கெடக்கல சாமி, காதைத் தீட்டிட்டு உக்காந்திருக்குது. பிரிண்ட் வேணும்னு யாராச்சும் கேட்டா, தூங்கற பிரிண்ட் புரோகிராமை அதுதான் எழுப்பி உடும். ஃபைல் கேட்டா அதுக்குண்டான ஆளை எழுப்பும். எல்லாரும் முழிச்சிருந்தா எடம் பத்தாதுன்னு ஒருத்தரை மட்டும் காவலுக்கு வெச்சா, அந்த ஆளையே அனுப்பிட்டியா?"

"வேலையே செய்யலீங்களேண்ணா..."

"கேக்கறதும் வேலைதான் சாமி!"

ஐநெட்-டியை மறுபடி ஓட உடறதுக்கு, அவரு போன்ல சொல்லச் சொல்ல ஒவ்வொரு எழுத்தாத் தட்டிட்டிருந்தேன். அப்பப் பாத்து வாசல்ல முருகேசண்ணன் குரலு.

"அம்மணி, அப்ப நான் வாரேன்!"

பில்லு வாங்க உள்ள வாராரு போலன்னு, தலையக்கூடத் திருப்பாம, "வாங்கண்ணா, வாங்க!"ன்னேன்.

பிரிண்டருக்கு உசுரு வந்து கடகடன்னு பில்லைத் துப்புச்சு. ஜெயிச்சுட்டேன்! எடுத்துட்டுத் திரும்புனா ஆளைக் காணோம். வெளிய ஓடுனா லாரியவே காணோம்.

எங்கூர்ல எவராச்சும் "போறேன்"னு சொல்லிட்டா போவாங்க?

ஸ்கூட்டியை முறுக்குனேன். பாதி வழியில முதலாளி போனு. ஓரமா நிறுத்தி எடுத்தேன்.

"பில்லு போயிருச்சா அம்மணி?"

"லாரிக்குப் பின்னாலயே போயிட்டிருக்குதுங்க."

பொய் இல்லையே!

நல்லவேளை, டீக்கடையில லாரி நின்னுச்சு. மூச்சு வாங்க பில்லை நீட்டுனேன். முருகேசண்ணன் டம்ளரைக் கீழ வெச்சாரு.

"சொல்லிட்டுத்தான வந்தேன்? நீயும் 'வாங்கண்ணா வாங்க'ன்னு அனுப்பி வெச்சியே! பில்லை வண்டியில வெச்சு உட்டுட்டியாக்கும்னு கெளம்பிட்டேன்."

கம்ப்யூட்டருக்குள்ள கேக்கற ஆளை எழுப்பி உட்டுட்டேன். எனக்குள்ள இருந்த ஆளை யாரு நிறுத்துனாங்கன்னுதான் தெரியல.