‘எதுக்கு வம்பு’க்காரர் பாலைவனம் போன கதை

சகுனம் பார்க்கிறவர்கள் ஒரு வகை, பார்க்காதவர்கள் ஒரு வகை. இந்த இரண்டு பேராலும் உங்களுக்கோ எனக்கோ தொல்லை இல்லை. மூன்றாவதாக ஓர் இனம் உலவுகிறது. “எனக்கு இதிலெல்லாம் துளிகூட நம்பிக்கை கிடையாதுங்க” என்று நாலு பேர் நடுவே அடித்துச் சொல்லிவிட்டு, வாயை மூடுவதற்குள் “இருந்தாலும் எதுக்கு வம்பு” என்று சேர்த்துக்கொள்ளும் இனம். ராகு காலத்தில் கிளம்ப மாட்டார்; கேட்டால் டிராஃபிக் குறையட்டும் என்பார். புதுக் கார் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். கேட்டால் மிசஸ்ஸோட திருப்திக்கு என்பார். மிசஸ்ஸோ அதே நேரம் அடுப்படியில் ரசத்துக்குப் பிழிய வைத்திருந்த பழத்தைக் காணோமென்று தேடிக்கொண்டிருப்பாள்.

இந்த இனத்தின் அசல் மாதிரி வேண்டுமா? ஹூஸ்டன் நஞ்சப்பன். பூர்வீகம் கோயமுத்தூர்ப் பக்கம். இன்ஜினியராக இருந்து ரிட்டயரானவர், கையோடு ஒரு ஆர்.வி. வாங்கினார். வீட்டுக்குச் சக்கரம் வைத்த மாதிரி வண்டி. உள்ளேயே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம். அதை ஓட்டிக்கொண்டு தொண்ணூற்றெட்டாம் வருஷக் கடைசியில், மனைவி வள்ளியோடு மேற்கு டெக்சஸ் பாலைவனத்துப் பூங்கா ஒன்றுக்கு வாலண்டியராகப் போய்ச் சேர்ந்தார். குளிர்காலம் முழுக்க அங்கேயே வண்டியில் குடியிருக்கலாம். பதிலுக்கு, வருகிறவர் போகிறவர்களுக்கு ஒத்தாசை செய்ய வேண்டும்.

வள்ளிக்கு அது சொர்க்கம். அதற்கு முன்னால் குளிர்காலமென்றால் வடக்கே, பனி கொட்டும் பிளெய்ன்ஸ்பரோவில் மகன் மகிழன் வீடுதான். அந்தப் பனிக்கு அவளுடைய முழங்கால் இரண்டும் எண்ணெய் போடாத கதவு மாதிரி கத்தும். பாலைவனத்து வெயில் பட்டதும் இரண்டும் வாயை மூடிக்கொண்டன. அவளுக்கு ஒரே ஒரு வேண்டுதல்: பூங்காவை நிர்வகிக்கும் ரேஞ்சரம்மா நம்மை அடுத்த வருஷமும் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் மறுபடி பிளெய்ன்ஸ்பரோ, மறுபடி கத்தல்.

ரேஞ்சர் டெப்ரா முதல் நாளே சொல்லிவிட்டாள். “வேலை ஈஸி. டாய்லெட் பேப்பர் தீராம பாத்துக்குங்க. ஆனா ஒண்ணுதான் முக்கியம். பாலைவனத்துக்குள்ள நடக்கக் கிளம்புற ஒவ்வொருத்தரையும் எங்கே போறீங்கன்னு கேளுங்க. அதை மட்டும் மறந்தீங்க, அடுத்த வருஷம் வேற ஆளைப் பாத்துக்குவேன்.”

நஞ்சப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிளம்புகிற மனுஷனைப் பார்த்து ‘எங்கே போறீங்க’ என்று கேட்பதா? போகிற காரியம் உருப்படுமா?

“ஏனுங்க, அந்தம்மா சொன்னாப்பல கேட்டுப்போடுங்க. இது அமெரிக்காங்க” என்றாள் வள்ளி.

“எனக்கு மட்டும் நம்பிக்கை இருக்குதா அம்முணி? துளி இல்ல. ஆனா கேட்டு, போனவனுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?”

“கேக்காம உட்டு ஒண்ணு ஆனா?”

“அது அவன் விதி. கேட்டு ஆனா, நம்ம வாயி.”

ஆகவே நம் ஊர் வழக்கப்படி நாசூக்காக விசாரிக்க ஆரம்பித்தார். “தூரமா சார்?” அதை இங்கிலீஷில் கேட்டார், அவ்வளவுதான். “அவ்வளவு தூரமில்லை” என்று அவர்களும் சிரித்துக்கொண்டு போனார்கள். எவ்வளவு பண்பான கிழவர்!

போனதும் இவருடைய ஆராய்ச்சி தொடங்கும். பூனை குறுக்கே போனால் பலன் என்னவென்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். ரோட்ரன்னர் போனால்? இறக்கை இருந்தும் காலால் ஓடியே காலம் தள்ளும் அந்தப் பறவையைப் பற்றி எந்தப் பஞ்சாங்கமாவது மூச்சு விட்டிருக்கிறதா? அதனால் தினமும் காலையில் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கிளம்பியவர் கண்ணுக்கு மறையும்வரை பார்த்திருப்பார். எது குறுக்கே போகிறது, இடமா, வலமா? “வலமிருந்து இடம் போனா அந்தாளுக்குக் காலு கொப்பளிக்குது வள்ளி. நம்பிக்கை இல்ல, ரிசர்ச்சு.”

பிப்ரவரியில் ஒரு நாள் பக்கத்து வண்டிக்காரர் ஹாங்க், தாடி வைத்த தனிக்கட்டை, வள்ளி கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு காலையில் கிளம்பினார். பொழுது சாய்ந்தது. ஆள் வரவில்லை. டெப்ரா ஜீப்பில் வந்து இறங்கினாள்.

“எங்கே போறேன்னார்?”

“அவ்வளவு தூரமில்லைன்னார் மேடம்.”

“அது இடம் இல்ல மிஸ்டர் நஞ்சப்பன். கேட்டீங்களா, இல்லையா?”

நஞ்சப்பன் தன் செருப்பைப் பார்த்தார். வள்ளியின் முழங்கால் அந்த நிமிஷமே வலிக்கத் தொடங்கியது. கண் முன்னால் பிளெய்ன்ஸ்பரோவில் பனி கொட்டியது.

“வாயத் தொறங்க!” என்று கத்தினாள் வள்ளி. “காலைல என்னமோ குறுக்க ஓடுச்சுன்னு பொலம்புனீங்களே, அது எங்கங்க ஓடுச்சு?”

நஞ்சப்பன் விருட்டென்று எழுந்தார். “ரோட்ரன்னர் மேடம்! தண்ணியில்லாத ஓடைகிட்ட பாதை ரெண்டாப் பிரியுதே, அங்க. வலமிருந்து இடம். ஹாங்க்கும் அது போன பக்கமே திரும்பினார். வேண்டாம்னு கத்தத் தொண்டை வரைக்கும் வந்துருச்சு...”

“ஏன் கத்தலை?”

“பின்னாலேருந்து கூப்பிட்டா அதுவும் ஆகாதுங்களே மேடம்.”

டெப்ராவுக்குப் பாதி புரியவில்லை; ஓடையும் இடப்பக்கமும் புரிந்தன. ஜீப் பறந்தது. வெளிச்சம் போவதற்குள் ஹாங்க்கைத் தூக்கிக்கொண்டு திரும்பியது. கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி: “அந்தப் புளிச்சோறு இன்னும் இருக்கா?”

“என் சர்வீஸ்ல இப்படி உன்னிப்பா மனுஷங்களைக் கவனிச்ச வாலண்டியரைப் பாத்ததில்ல. பறவையைக்கூட நோட் பண்ணியிருக்கீங்க!” என்றாள் டெப்ரா. “அடுத்த வருஷம் வாங்க. ஆனா இனிமே கேட்டாகணும்.”

மறுநாளிலிருந்து வள்ளி கேட்டாள். அவள் கேட்டு முடிக்கும் முன்னே நஞ்சப்பன் ஓடிவந்து, கிளம்பியவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்து, ஒரு டம்ளர் தண்ணீரைக் குடிக்க வைத்துத்தான் அனுப்பினார். தோஷத்துக்கு நம் ஊர்ப் பரிகாரம். பாலைவனத்தில் நாக்கு வறண்டவர்களுக்கு அது பரம உபசாரமாகத் தெரிந்தது. பூங்கா முழுக்கப் புகழ். வள்ளியிடம் காரணத்தைக் கேட்டுச் சிரித்த டெப்ரா, அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டாள்: கேள், குடிக்கக் கொடு, அனுப்பு.

மார்ச் கடைசி. நஞ்சப்பன் வண்டியைக் கிளப்பினார். டெப்ரா வழியனுப்ப வந்தாள், வந்தவள் பழக்க தோஷத்தில், “எங்கே கிளம்பிட்டீங்க?” என்று கேட்டே விட்டாள். நஞ்சப்பன் முகம் செத்தது. இன்ஜினை நிறுத்தக் கை போனது. அதற்குள் டெப்ராவே ஜன்னல் வழியாக ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள்.

“எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது,” என்றாள், கொஞ்சம் வெட்கத்தோடு. “இருந்தாலும்...”

சிரிக்கிறீர்கள், இல்லையா? சிரியுங்கள். நீங்கள் படித்தவர். நாளைக் காலையில் வாசல் பூட்டைத் திருகும்போது எதிர்வீட்டுக்காரர் வந்து, “எங்க சார், வெளியிலயா?” என்று கேட்பார். அந்த நொடியில்தான் எதையோ மறந்துவிட்டது உங்களுக்கு ஞாபகம் வரும். திரும்ப உள்ளே போவீர்கள். எதை மறந்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. குடித்த டம்ளரை மட்டும் கழுவி வைத்துவிட்டுப் போங்கள்.