தாத்தாவின் துப்பாக்கி போன வழி

மதிப்பிற்குரிய மைத்துனர் ஸ்வெதோலிக் அவர்களுக்கு, சாச்சக்கிலிருந்து உங்கள் தங்கை கணவன் வுகாஷின் வணக்கத்துடன் எழுதுவது. நானும் தேசங்காவும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை, காரணம் நீங்கள்.

உங்கள் தாத்தா மிலிசாவ், முதல் உலகப் போரில் நம் படை பின்வாங்கியபோது அல்பேனிய மலைகளைத் தாண்டிச் சுமந்து வந்த துப்பாக்கி இது என்று, உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குவதற்குப் பலகை எழுதி, அருங்காட்சியகத்தில் ஞாயிற்றுக்கிழமை விழாவுக்குப் பாதிரியாரையும் அழைத்துவிட்டு, "அதோட பட்டாளத்து விவரத்த மட்டும் வாங்கிடுங்க மாப்ளே" என்று என் தலையில் கட்டினீர்கள். துப்பாக்கியில் பொறித்திருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு பெல்கிராடுக்குப் பஸ் ஏறினேன். ஆவணக் காப்பகத்தில் யெலிசாவெதா என்ற அம்மாள், "இது குழல்ல இருக்கிற எண்ணா, கட்டையில இருக்கிறதா?" என்றாள். தெரியவில்லை. திரும்பினேன். மறுமுறை துப்பாக்கியையே கம்பளியில் சுற்றிக் கொண்டுபோனேன். கம்பளிக்கு வெளியே குழல் எட்டிப் பார்த்ததும், பஸ் நேராகப் போலீஸ் நிலையத்தில் நின்றது. "பெரியவரே, யாரைச் சுடப் போறீங்க?" என்று கேட்டான் அதிகாரி. "என் மச்சானை"ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

மூணாவது தடவைதான் அந்த எண் இருந்த பட்டாளப் பேரேடு கிடைச்சுது. கேளுங்க மச்சான், இது ஒரு குதிரைப்படைக்காரனோட துப்பாக்கி. தொள்ளாயிரத்துப் பதினஞ்சுல, படை பின்வாங்குறதுக்கு முன்னாடியே ஆஸ்திரியாக்காரன் பிடிச்சுட்டுப் போயிட்டான். தாத்தா பனியில மலை ஏறினப்ப, இது எதிரி கிடங்குல சுகமாத் தூங்கிட்டிருந்துச்சு. அப்புறம் திரும்பி வந்து ஒரு வனக்காவலர் கைக்குப் போச்சு. முப்பத்தொண்ணுல அவர், 'ஆற்றில் விழுந்துவிட்டது'ன்னு எழுதிக் கொடுத்திருக்கார். ஆத்துல விழுந்தது உங்க வீட்டுச் சுவருக்கு எப்படி வந்துச்சு? தேசங்காகிட்ட கேட்டேன். "அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுல பன்னி இல்லைன்னு அப்பா சொல்லுவாரு"ன்னா. அவ்வளவுதான், பன்னி வனக்காவலர் வீட்டுக்கு, துப்பாக்கி உங்க வீட்டுக்கு.

யெலிசாவெதாம்மா இன்னொரு ஏட்டையும் புரட்டினா. தாத்தா பேர் இருந்துச்சு. சமையல்காரர். அவரோட பட்டாளப் பிரிவுல நூத்தியறுபது பேர் மலை ஏறி, தொண்ணூத்தியொரு பேர் கடற்கரைக்கு வந்து சேர்ந்திருக்காங்க. 'சமையல்காரர் மிலிசாவ் ஒருநாளும் அடுப்பை அணையவிடவில்லை'ன்னு கேப்டன் எழுதி வச்சிருக்கார். படிச்சுட்டு அந்த வரிய அப்படியே எழுதி எடுத்துக்கிட்டேன். அந்தம்மா பேனா கொடுத்தா.

ஆகவே விழாவை நிறுத்திவிடுங்கள். நம் குடும்பம் பொய்ப் பலகை மாட்ட வேண்டாம், உண்மை போதும். உங்கள் இல்லத்துப் புனிதர் நிக்கோலா உங்களையும் பிள்ளைகளையும் காக்கட்டும்.

களைத்துப்போன,
வுகாஷின்

பி.கு.: உறையை ஒட்டும்போது அருங்காட்சியகத் தலைவி போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னேன், அழுதேவிட்டாள். துப்பாக்கி வேண்டாமாம், தாத்தா சமைத்த அண்டாவைக் கேட்கிறாள். "இருக்குமே"ன்னு சொல்லித் தொலைச்சுட்டேன். சனிக்கிழமை சந்தையில் நசுங்கினதாய் ஒன்று வாங்கி வாருங்கள் மச்சான். எண் எதுவும் பொறிக்காததாய்.