மெக்சிகோவைக் கறக்கத் தெரியாதவன்

மெக்சிக சினிமாவில் பண்பாட்டு அடையாளம் என்ற தலைப்பில் ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்த நான் மெக்சிகோவுக்குப் போனதே இல்லை. கோவை விமான நிலையத்தையே, சித்தப்பாவை வழியனுப்பப் போனபோது வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு வெட்கமும் இல்லை. (வெட்கமெல்லாம் படிக்காதவர்களுக்கு என்று நினைத்திருந்த வயது.)

எங்கள் ஊர் மீனாட்சிபுரம். கேரளத்துக்குள் தமிழ் பேசி, மாடு கறந்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றிப் பிழைக்கிற ஊர். அங்கே ஒரு குறுந்தாடியை வளர்த்துக்கொண்டு, கண்ணில் பட்டவரிடமெல்லாம் "நாம் எல்லை மனிதர்கள்" என்று சொல்லித் திரிந்தேன். "அப்படீங்களா தம்பி, பஸ் வந்துருச்சு" என்று ஏறிப் போய்விடுவார்கள்.

கடைசி இயலுக்காக, மெக்சிக எல்லைக் கிராமம் ஒன்றைப் பற்றிய படத்தை எங்கள் ஊர்க்காரர்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். இவர்கள் என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறார்கள்? படத்தைப் போடாமலேயே பதில்களை நானே எழுதிப் பின்னிணைப்பில் சேர்த்துவிட்டேன். 'இத்திரைப்படம் எமது சிதறுண்ட தன்னிலையைப் பிரதிபலிக்கிறது' என்பது என் பெரியப்பா சொன்னதாக நான் எழுதியது. (அவர் பேசி நான் கேட்ட மிக நீளமான வாக்கியம், "பருத்திக்கொட்டை ஊறப் போட்டாச்சா?")

நெறியாளர் டீச்சர் கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். எனக்கிருந்த கெடு அந்த மாதத்தோடு முடிகிறது. பின்னிணைப்பைப் படித்த டீச்சர், "அருமையா பேசியிருக்காங்களே. இன்னொரு தடவை படத்தைப் போடு, நானும் வரேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பால் சொசைட்டிக் கட்டடத்தில் படம் ஓடியது. கணவன் எல்லை தாண்டிப் போய்விடுகிறான். மனைவி காலி வாளியோடு வாசலில் நிற்கிறாள், நெடுநேரம் நிற்கிறாள். ஊர்க்காரர்கள் கண்ணீர் விடுகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் அவளுக்குப் பின்னால் கட்டியிருந்த பசுவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த மாட்ட இன்னும் கறக்கலையே" என்றார் பெரியப்பா.

"மடி கல்லாட்ட இருக்குது பாருங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

நான் படத்தை நிறுத்தினேன். "மாட்ட உடுங்க. அந்தப் பொம்பளையோட அடையாளச் சிக்கலைப் பாருங்க!"

"நீ கம்முனு இரு சாமி" என்றார் பெரியம்மா. "புருசன்காரந்தான் கறந்துட்டு இருந்திருப்பான். கை மாறுனா மாடு பால் எறக்காது. அதுதான் அவ வெறும் வாளிய வெச்சுக்கிட்டு நிக்கறா."

அந்தக் காலி வாளியைக் காலனியத்தின் வெறுமை என்று நான் ஒன்பது பக்கம் எழுதியிருந்தேன். டீச்சர் அதோடு விடவில்லை. பையிலிருந்து என் பின்னிணைப்பை எடுத்து, சிதறுண்ட தன்னிலையைப் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினார். "இது நீங்க சொன்னதா?"

பெரியப்பா கவலையோடு கேட்டார். "ஏனுங்க டீச்சர், யாருக்காச்சும் மேலுக்கு முடியலீங்களா? நாங்க படத்தையே இன்னைக்குத்தானுங்க பாக்கறோம்."

அதற்குள் கறவை நேரமாகிவிட்டது. படம் பாதியில் இருக்க, மொத்தக் கூட்டமும் எழுந்து போனது. டீச்சரும் நோட்டுப் புத்தகத்தோடு பெரியம்மா பின்னால் தொழுவத்துக்குப் போனார். போகும்போது, "உனக்கு மெக்சிகோவும் தெரியலை, மீனாட்சிபுரமும் தெரியலை" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறுதல் சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை.

கையெழுத்து கிடைக்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி ஒரு வருடம் நீட்டிப்பு வாங்கி, பெரியம்மா சொன்ன மாட்டை வைத்து அந்த இயலைத் திரும்ப எழுதினேன். தேர்வாளர்கள் பாராட்டியது அந்த ஒரு இயலை மட்டும்தான்.

அந்த வருடம் தொழுவத்தில் பிறந்த கன்றுக்குப் பெரியம்மா மெக்சிகோ என்று பேர் வைத்தார். இன்று அது மூன்று கன்று ஈன்ற பசு. நான் கல்லூரியில் சினிமா நடத்துகிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் பெரியப்பா என்னைக் காட்டி இன்னும் சொல்கிறார்:

"இவன்தானுங்க, மெக்சிகோவப் பத்திப் படிச்சு டாக்டர் ஆனவன். ஆனா பக்கத்துல போனா ஒதைக்குதுங்க."