ஒரு ஃபைலுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

கம்ப்யூட்டரைப் பற்றி எதைக் கேட்டாலும் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்று அருள்பாலிக்கும் மாமா அவர்களின் சமூகத்துக்கு, அக்காள் மகன் அநேக வணக்கங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே உங்கள் சௌக்கியத்தையும், உங்களைச் சகித்துக்கொள்ளும் அத்தையின் சௌக்கியத்தையும் அறிய ஆவல்.

இதனால் சொந்தபந்தங்கள் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் பெயர்ப்பலகைக் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் ஸ்டிக்கர் வெட்டும் மெஷின், இன்று காலை தன் முதல் ஸ்டிக்கரை வெற்றிகரமாக வெட்டியது. அதில் 'தள்ளு' என்று இருக்கிறது. வாசல் கண்ணாடிக் கதவில் ஒட்டியும் விட்டேன். அந்தக் கதவு இழுத்தால்தான் திறக்கும் என்பது நமக்குத் தெரியும், வருகிறவர்களுக்குத் தெரியாது. ஒருவர் தோளால் முட்டிப் பார்த்துவிட்டு, கடை இன்று லீவு போல என்று திரும்பிப் போய்விட்டார்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், அத்தை கேட்பார், அத்தை கேட்டால் அம்மாவுக்குப் போகும், அம்மாவுக்குப் போனால் அப்பாவுக்குப் போவதற்கு முன்னாடி எனக்கு விழும். ஆகவே ஈமெயில்.

விஷயம் இதுதான். எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் ஓய்வு பெறுகிறார். நாளை விழா. அவருக்குக் கொடுக்கப்போகும் கேடயத்தின் பித்தளைத் தகட்டில் பாராட்டு வரிகளைப் பொறிக்கும் வேலை நம் கடைக்கு வந்திருக்கிறது. அப்பா ஒரு புதுக் கட்டடத்துக்குக் கதவு எண்கள் மாட்டப் போகும்போது, கடையையும் அந்தத் தகட்டையும் என்னிடம் ஒப்படைத்தார். வகுப்பில் உட்கார்ந்ததைவிட அந்தத் தலைமையாசிரியர் அறை வாசலில்தான் நான் அதிகம் நின்றிருக்கிறேன் என்பது தெரிந்தே ஒப்படைத்தார். தகட்டைத் தவிர வேறு எதையும் தொடாதே என்றும் சொன்னார். அதனால்தான் புது மெஷினைத் தொட்டேன்.

கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டவர் நீங்கள். இனி வைரஸே வராது என்று நீங்கள் சொன்னதும், வேலையும் வராமல் போய்விடப் போகிறது என்று அப்பா சொன்னதும் மறந்திருக்காது. தகட்டில் எழுத்துப் பொறிக்கும் பழைய மெஷினுக்கான பேக்கேஜ், அதாவது அதை ஓட்டும் புரோகிராம் கட்டு, லினக்ஸ்காரர்களின் சொந்தக் கிடங்கில் இல்லையென்று, வெளியே யாரோ கட்டிவைத்திருந்ததை எங்கிருந்தோ தேடிப்பிடித்து இன்ஸ்டால் செய்தவரும் நீங்களே. வெட்டும் மெஷினுடையதும் அதே மாதிரி வெளியாள் பேக்கேஜ்தான். அதை இன்ஸ்டால் செய்யக் கம்ப்யூட்டரிடம் சொன்னேன். முடியாது என்றது. எழுத்தையெல்லாம் கோடாக்கி மெஷினுக்குச் சொல்ல ஒரு ஃபைல் இருக்கிறதாம். இரண்டு பேக்கேஜும் அதே பெயரில், அதே இடத்தில் தன்னுடையதை வைக்கப் பார்க்கிறதாம். ஆனால் அங்கே இருப்பது ஏற்கெனவே பொறிக்கும் மெஷின் பேக்கேஜுக்குச் சொந்தமாம், அதன் மேல் எழுத முடியாதாம். ஊரார் பெயரையெல்லாம் பொறித்துக் கொடுக்கிற கடையில், ஒரு ஃபைல் யார் பெயரில் இருக்கிறது என்று தகராறு. அப்பாவும் பெரியப்பாவும் ஒரே ஜோடிச் செருப்பில் ஆளுக்கு ஒரு காலை விட்டுக்கொண்டு முறைத்துக்கொண்டு நின்ற மாதிரி.

சமாதானம் பேசுகிற ஆளா நான்? இணையத்தில் தேடினேன். கட்டாயப்படுத்தி மேலே எழுதவைக்கும் கட்டளை ஒன்றை யாரோ ஒரு புண்ணியவான் போட்டிருந்தார். அதற்குக் கீழே இன்னும் என்னென்னவோ எழுதியிருந்தார். ரொம்ப நீளமாக இருந்ததால், அவர் மேல் இருந்த மரியாதையில் படிக்கவில்லை. கட்டளையை அடித்தேன். இன்ஸ்டால் ஆனது. 'தள்ளு' பிறந்தது.

அப்புறம் தகட்டுக்கு வந்தேன். நல்லவேளையாக முதலில் ஒரு கழிவுத் தகட்டில் போட்டுப் பார்த்தேன் மாமா. புதுசு கொண்டுவந்த ஃபைலுக்குக் கொம்பு வைத்த தமிழ் எழுத்து வரவே இல்லை; 'தள்ளு'வில் கொம்பு இல்லாததால் அது தப்பித்தது. தலைமையாசிரியர் என்று அடித்தால், கொம்பு எழுத்தைவிட்டுக் கழன்று தனியாகப் போய் நிக்குது. எங்க சாருக்குக் கொம்பு இருக்குன்னு பசங்க ரொம்ப நாளா சொல்றதுதான். அதுக்காக அதைப் பித்தளையிலா பொறிக்கறது?

உங்க மருமகன் கலங்கலை. வம்புக்கு வந்தவனை வெளியே அனுப்பிட்டா வீடு பழையபடி ஆயிடும் இல்லையா? புது பேக்கேஜை நீக்கிட்டேன். ஒரு எச்சரிக்கை கிடையாது, ஒரு முணுமுணுப்பு கிடையாது. சண்டை தீர்ந்தது. அதே நேரம் பார்த்து அப்பா போன் பண்ணி, தகடு முடிஞ்சுதான்னு கேட்டார். முடிஞ்ச மாதிரிதான்னேன். பக்கத்துல யார்கிட்டயோ, "பையன் பார்த்துக்கறான்"னு அவர் சொன்னது காதுல விழுந்தது. என்னைப் பத்தி அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஆகவே இந்த மாதிரி சொத்துத் தகராறு உங்கள் கம்ப்யூட்டரில் வந்தால் கூச்சப்படாமல் என்னைக் கேட்கலாம். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் வழுக்கைக்கு என் விசேஷ விசாரிப்பு. உங்களை வாழ்த்த வயதில்லை, அதனால் போனால் போகிறதென்று வணங்குகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அருமை பெருமை எல்லாமுமான
மருமகன்

பின்குறிப்பு: சண்டை தீர்ந்ததுன்னு எழுதினது உண்மைதான் மாமா. சண்டை போட இப்ப ஆளே இல்லை. நான் கட்டாயப்படுத்தி எழுத வெச்சப்பவே அந்த ஃபைல் புதுசோட பேருக்கு மாறிடுச்சாம். "வெளியே போ"ன்னு சொன்னதும், தன் சொத்துன்னு அதையும் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. பொறிக்கிற மெஷின் புரோகிராம் திறக்கவே மாட்டேங்குது. இது இப்படி ஆகும்னுதான் அந்தப் புண்ணியவான் கீழே எழுதியிருக்கார், இப்பதான் படிச்சேன். பழைய பேக்கேஜை மறுபடி இன்ஸ்டால் பண்ணினா ஃபைல் திரும்ப வந்துடுமாம். அது எங்கேயும் கிடைக்கலை. உங்ககிட்ட இருக்கும். இதைப் படிச்ச உடனே அனுப்பிடுங்க. சாயங்காலம் அப்பா வந்துடுவார். கேடயத்துத் தகடு இன்னும் வெறுமனேதான் இருக்கு. நானும் பக்கத்துல உட்கார்ந்து அதைத் துணியால துடைச்சுக்கிட்டே இருக்கேன். இதுக்கு மேல பளபளக்க அதால முடியாது.