புழு சார் போட்ட தூண்டில்

மீன் சாப்பிடாமல், ஒரு மீனையும் பிடிக்காமல், கண் விழித்ததிலிருந்து படுக்கப் போகும்வரை மீனைப் பற்றியே கவலைப்பட்ட ஆத்மா ஒன்று இந்தப் பூமியில் பிறந்தது என்றால் அது எங்கள் புழு சார்தான். பெங்களூர் ஜோகுபாளையத்தில் நான் குடியிருந்த வீட்டின் முன்போர்ஷன் அவருடையது. ஆபீசிலும் அடுத்த மேஜை. தப்பிக்க வழியே கிடையாது.

பெற்றவர்கள் நல்ல பெயர்தான் வைத்திருந்தார்கள். யாருக்கு ஞாபகம் இருக்கிறது! தட்டானும் கொசுவும் இறக்கை முளைப்பதற்கு முன்னால் தண்ணீருக்கடியில் புழுவாக நெளியுமே, அந்தக் கோலத்தை நூலும் இறகும் வைத்துத் தூண்டில் முள்ளின்மேல் அச்சு அசலாகக் கட்டுவார். அதனால் புழு சார். ஒரு காலத்தில் கண்டோன்மெண்டில் வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் டைப்பிஸ்டாக இருந்தவர். சுதந்திரம் வந்து துரை கப்பலேறும்போது, முள்ளைக் கவ்விக்கொள்ளும் சின்ன இடுக்கி ஒன்றையும் இந்தப் பைத்தியத்தையும் இவர் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

"சார், நீங்களோ சுத்த சைவம். மீன் மாட்டினா என்ன பண்ணுவீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தண்ணியிலயே விட்டுடுவேன்."

"அப்ப எதுக்கு சார் பிடிக்கணும்?"

"நம்ம புழுவைப் பார்த்து நிஜம்னு அது ஏமாறுதான்னு தெரியணும்பா. அது போதும் எனக்கு."

அல்சூர் ஏரி மீன்கள் ஏமாறுவதாக இல்லை. பக்கத்தில் குந்தியிருப்பவர்கள் ராகி மாவை உருட்டிப் போட்டுக் கெண்டை கெண்டையாக இழுப்பார்கள். புழு சாரின் தூண்டிலைச் சுற்றி மீன்கள் பொருட்காட்சிக்கு வந்த மாதிரி நின்று வேடிக்கை பார்த்துவிட்டுக் கலைந்து போகும்.

ஏமாந்ததெல்லாம் மனிதர்கள்தான். எங்கள் மேலதிகாரி, புழு சார் மேஜையிலிருந்து போன ஒரு ஃபைலைத் திறந்தவர், "ஏன்ரீ இது! ஹுளா?" என்று, புழுவா என்று, கன்னடத்தில் அலறி, ரூல்தடியால் ஓங்கி ஓர் அடி வைத்தார். புழு நசுங்கவில்லை. முள் ரூல்தடியில் குத்திக்கொண்டு கூடவே எழுந்து வந்தது. மனிதர் நாற்காலிமேல் ஏறி நின்றுவிட்டார். கீழே நின்ற புழு சார், "ஜாக்கிரதை சார், வால் பிஞ்சிடப் போவுது" என்று கெஞ்சினார்.

சிவாஜிநகர் கோழிக்கடைக்கு அவரோடு போவது தனி அவமானம். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு இறகை மட்டும் பொறுக்குவார். "க்யா சாமி, கோழி வாணாமா? தலகாணி தெச்சி விக்கிறீங்களா?" என்று கடை பாய் சிரிப்பார். "அது இருக்கட்டும் பாய். இதே செவப்புல கொஞ்சம் அழுக்கா ஏதாச்சும் இருக்கா?" என்பார் இவர்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாகவே இருந்தது, மகள் வசந்தாவுக்கு வரன் பார்க்க ஆரம்பிக்கும்வரை. முதலில் பார்க்க வந்தவர்கள் தண்ணீர் கேட்டார்கள். குடத்துக்குப் பக்கத்தில், மாதிரிக்காக இவர் ஏரியிலிருந்து பிடித்து வந்த நிஜப் புழுக்கள் ஜாம் பாட்டிலில் நெளிந்துகொண்டிருந்தன. வந்தவர்கள் தண்ணீரும் குடிக்கவில்லை, பதிலும் போடவில்லை. 'பொண்ணோட அப்பா வீட்டுல புழு வளக்கிறாராம்' என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. வசந்தா தங்கமான பெண். அது முகம் வாடிக் கிடந்ததைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

அடுத்த இடம் சிவாஜிநகர் ஜவுளிக் குடும்பம். புழு சார் மனைவி கமலாக்கா இடுக்கி, இறகு, டப்பா எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "இதுவும் தட்டிப் போச்சுன்னா, நீங்க அந்த ஏரியிலயே போய்க் குடித்தனம் பண்ணிக்கலாம்!"

புழு சார் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினார். ஆனால் ஒரே ஒரு புழுவைப் பெட்டியில் போட அவருக்கு மனசு வரவில்லை. மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து கட்டியது, அவர் கட்டியதிலேயே உச்சம். அதைக் கோட்டுக் கையின் உள்பக்கம் லேசாகச் செருகி மறைத்துக்கொண்டார்.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பழகிய கம்பீரம். மேலே காஞ்சிப் பட்டு. புழு சார் பவ்யமாகக் குனிந்து கேசரிபாத் தட்டை நீட்டினார், கையை இழுத்தார். அவ்வளவுதான். அந்த அம்மாளின் தோளில் புழு!

"ஐயோ! எம்மேல என்னமோ ஊருது!" அவர் தட்டிவிட்டார். போகவில்லை. "ஒட்டிக்கிச்சே!"

"அசையாதீங்கம்மா! அது புழு இல்ல, நான் கட்டினது!"

"கட்டினீங்களா? புழுவையா?"

அந்த நெருக்கடியிலும் நம் ஆள் முகம் மலர்ந்ததே, பார்க்க வேண்டும். "நிஜம்னே நெனச்சீங்களா?" என்றார். கமலாக்கா பார்த்த பார்வையில் ஏரியே வற்றியிருக்கும்.

முள் பட்டுக்குள் ஆழமாக இறங்கியிருந்தது. நுனியில் எதிர்முள், பின்னால் இழுத்தால் புடவை கிழியும். முள்ளின் தலையில் நூல் கோர்க்கும் வளையத்தை வெட்டிவிட்டு முன்பக்கமாகத் தள்ளித்தான் எடுக்க வேண்டும். அதற்குக் காம்பு மொட்டையாக இருக்க வேண்டும். அதாவது, புழுவையே அவிழ்க்க வேண்டும்.

புழு சார் ஒரு விநாடி வசந்தாவைப் பார்த்தார். அப்புறம் மண்டி போட்டு உட்கார்ந்தார்.

மயிலிறகின் மயிர் சுருள் சுருளாக வந்தது. முயல் ரோமம் பஞ்சாக உதிர்ந்தது. பிறகு மினுமினுவென்று ஓர் இழை. மாப்பிள்ளையின் அம்மா கண்ணை இடுக்கிப் பார்த்தார். "அசல் வெள்ளி ஜரிகையாச்சே. எங்க வாங்கினீங்க?"

புழு சார் தலையை இன்னும் குனிந்துகொண்டார். கமலாக்காவின் கை வாய்க்குப் போனது. "என் கல்யாணப் புடவை!"

நான் என் போர்ஷனிலிருந்து குறடு எடுத்து வந்து கொடுத்தேன். புழு சார் வளையத்தைக் கத்தரித்தார், முள்ளைத் தள்ளினார், எடுத்தார். அந்த அம்மாள் தோளை வெளிச்சத்தில் திருப்பித் தடவிப் பார்த்தார். ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. "எங்க கடை தையக்காரருக்குக்கூட இந்தப் பொறுமை கிடையாது" என்றார். "எம்புள்ள சரியான முன்கோபி. இந்தப் பொறுமையில பாதி உங்க பொண்ணுக்கு இருந்தாப் போதும், எங்களுக்கு சம்மதம்."

வசந்தா உள்ளே ஓடினாள். புழு சார் தரையில் கிடந்த மயிரையும் ரோமத்தையும் துண்டால் கூட்டி எடுத்துக்கொண்டிருந்தார். கல்யாணம் நிச்சயமான வீட்டில் அவர் முகம் மட்டும் எழவு வீட்டு முகமாக இருந்தது.

அவர்கள் போனதும் கமலாக்கா டிரங்குப் பெட்டியைத் திறந்தார். சரி, இன்றைக்குத் தொலைந்தார் என்று நான் நழுவப் பார்த்தேன். அக்கா இடுக்கியை எடுத்து வைத்தார். அதன் பக்கத்தில் அந்தக் கல்யாணப் புடவையையும் வைத்தார்.

"முந்தானையில இன்னும் பாக்கி இருக்கு. வேணுங்கிற அளவுக்கு எடுத்துக்குங்க."

புழு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இன்றைக்கும் என் சட்டைமேல் ஏதாவது புழு ஊர்ந்தால் நான் சட்டென்று தட்டிவிடுவதில்லை. அவர் கட்டியதாக இருந்துவிடக் கூடாதா என்ற ஆசையில், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பேன்.