குரல்நாணும் குடல் குழம்பும்

நாகநாத சுவாமி துணை

உச்சிப்புளி,
வெள்ளிக்கிழமை

அன்பும் அறிவும் நிறைந்த மாப்பிள்ளை மாரீஸ்வரனுக்கு, மச்சான் நாகநாதன் எழுதிக்கொள்வது. நீயும் தங்கச்சி முருகலட்சுமியும் சென்னையில் தண்ணீருக்கும் வேலைக்கும் தட்டுப்பாடில்லாமல் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே உன் அக்காள் பூமயில் நலம். மகள் பானுப்பிரியா உடம்பளவில் நலம். என்னைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ நினைக்கலாம். போனில் பேச எனக்கு வாய் இல்லை. வாட்ஸ்அப்பில் தட்டினால் நான் ஒன்று நினைக்க அது ஒன்று எழுதுகிறது. போன வாரம் அடுப்படியில் இருந்த உன் அக்காளுக்கு ‘பசிக்குது’ என்று அனுப்பினேன். அது ‘பிடிக்குது’ என்று போய்விட்டது. அவள் தலையில் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள். சோறு வரவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். கரையில் மீன் ஏலம் விடுகிற எனக்குக் குரல்தான் பிழைப்பு. கடற்படை விமானம் தலைக்கு மேல் போகும்போது ஊரே பேச்சை நிறுத்தும், நான் நிறுத்தியதில்லை. அப்படிப்பட்ட குரல் தை மாதத்தில் ஒருநாள் காலையில், ஒரு கூடை நகரை மீனுக்கு விலை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், பாதி வார்த்தையில் நின்றுபோனது. வாயைத் திறக்கிறேன், காற்று மட்டும் வருகிறது. நான் எதையோ யோசிப்பதாக நினைத்து வியாபாரிகள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குள் கூடையிலிருந்து இரண்டு மீனைக் காக்கை கொண்டுபோனது. அதை விரட்டவும் என்னிடம் சத்தம் இல்லை.

மறுநாள் பூமயில் என்னை ராமநாதபுரத்துக்கு அழைத்துப்போனாள். தொண்டை டாக்டர் சின்ன வயசுப் பெண். மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, “வோக்கல் கார்டுல முடிச்சு மாதிரி ஒண்ணு விழுந்திருக்கு. பயப்பட வேண்டாம். ஆனா ஒரு மாசம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, ரகசியமாக்கூடப் பேசக் கூடாது. மீறிப் பேசினா குரல் திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன்” என்றார். அவர் சொன்னது தொண்டைக்குள் குரல் எழுப்புகிற கயிறு என்கிற கார்டு. ஆனால் கயிற்றுக்கும் அட்டைக்கும் நம் காதில் ஒரே கார்டுதானே. அதிலும் உன் அக்காள் காதில் அது ‘லோக்கல் கார்டு’ என்று விழுந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போதே தொடங்கினாள்.

“ரேசன் கார்டு இருக்கு, ஆதார் கார்டு இருக்கு. இந்த லோக்கல் கார்ட எப்பக் குடுத்தாக? எங்ககிட்ட ஏன் சொல்லல? எங்கன தொலைச்சீக?”

நான் கையை ஆட்டினேன். கேட்டதற்குப் பதில் சொல்லாத புருஷன் தப்புச் செய்த புருஷன் என்பது எல்லா வீட்டிலும் சட்டம். மறுநாள் அவள் வீட்டிலிருந்த அட்டைகளையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் மையத்துக்குப் போய், லோக்கல் கார்டில் முடிச்சு விழுந்திருக்கிறது, அதை எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அங்கிருந்த பெண் தேடிப் பார்த்துவிட்டு, “இன்னும் நம்ம பக்கம் வரலக்கா” என்றிருக்கிறாள். இன்னும் வரவில்லை என்றால் வரப்போகிறது என்றுதானே அர்த்தம். சாயங்காலத்துக்குள் தெருவில் பாதிப் பெண்கள் போட்டோவோடு அந்த மையத்தில் நின்றார்கள். புதுக் கார்டு வந்தால் முதலில் எங்களுக்குச் சொல்லுங்கள் என்று என்னிடம் வேறு கேட்டார்கள். என்னிடம்.

இந்த நேரத்தில்தான், மாப்பிள்ளை, நீ சொற்களைப் பற்றி எழுதுகிற மாத இதழ் தபாலில் வந்தது. உலகத்தில் எத்தனையோ இங்கிலீஷ் வார்த்தை இருக்க, அந்த மாதம் பார்த்து நீ கார்டு என்கிற கயிற்றைப் பிடித்திருந்தாய். நீ நன்றாகத்தான் எழுதியிருந்தாய், அதில் குறை இல்லை. முறுக்கிய கயிற்றுக்கு அந்தப் பெயர், கிரேக்க மொழியில் குடலைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது, அந்தக் காலத்தில் மிருகத்தின் குடலை முறுக்கித்தான் யாழ் போன்ற வாத்தியங்களுக்கு நரம்பு கட்டினார்கள், அப்புறம் அந்தச் சொல் லத்தீனுக்குப் போய், பிரெஞ்சுக்குப் போய், இங்கிலீஷில் கரை ஏறியது. விறகைக் கயிறு கட்டி அளந்ததால் விறகுக் கட்டுக்கும் அதே பெயர், வயிற்றில் இருந்தால் தொப்புள்கொடி, முதுகில் இருந்தால் தண்டுவடம், தொண்டையில் இருந்தால் குரல்நாண் என்றெல்லாம் எழுதியிருந்தாய். ஒத்துப்போவது என்ற பொருளில் இங்கிலீஷ்காரன் சொல்கிற ‘அக்கார்டு’ கயிற்றுக்குச் சொந்தம் இல்லை, அது இதயம் என்ற சொல்லின் வழி வந்தது என்றும் எழுதியிருந்தாய். பூமயில் சத்தம் போட்டு வாசித்தாள். அட்டைப் பிரச்சினை அன்றோடு முடிந்தது என்று நான் கண்ணை மூடி நாகநாதரைக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்தபோது அவள் குடல் என்ற வார்த்தையில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அப்ப நோவு தொண்டையில இல்ல. மூலம் குடல்ல இருக்கு. என் தம்பியே எழுதிருக்கான்.”

மறுநாள் காலையில் வெறும் வயிற்றில் விளக்கெண்ணெய். மத்தியானம் ஆட்டுக் குடல் குழம்பு, குடலுக்குக் குடல்தான் பலமாம். காலையில் காலி செய்தது, மத்தியானம் நிரம்பியது, மறுநாள் காலையில் திரும்பவும் காலியானது. வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினால் உப்பு பத்தவில்லை என்று எடுத்துக்கொண்டாள். வயிற்றைப் பிடித்துக் காட்டினால் இன்னொரு கரண்டி விழுந்தது. டாக்டர் சீட்டை எடுத்து நீட்டினேன். “அந்தப் புள்ள மருந்து படிச்சிருக்கு, என் தம்பி வார்த்த படிச்சிருக்கான்” என்றாள். கரையில் என் இடத்தில் ஒரு மைக்கும் ஸ்பீக்கர் பெட்டியும் வைத்து முனீஸ்வரன் என்கிற பையனை நிறுத்தியிருந்தார்கள். காது வலிக்காமல் இருக்கிறது என்று வியாபாரிகள் பேசிக்கொண்டார்களாம். அதைக் கேட்ட அன்று குடல் குழம்பை நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மனசு அப்படி வெறுத்துப் போயிருந்தது.

இனிமேல்தான் பெரிய சங்கதி. பானுப்பிரியாவுக்கு உப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்திருந்தது உனக்குத் தெரியும். பையன் பள்ளிக்கூட வாத்தியார், அவளோடு ஒரே கல்லூரியில் படித்தவன், அவள் மனசுக்கும் பிடித்தவன். அதனால் தேதியைத் தள்ளிப்போட வாய் வரவில்லை, வாய் இருந்தாலும் வந்திருக்காது. அவர்கள் சாயங்காலம் பார்க்க வருவதாக ஏற்பாடு. அன்று மத்தியானம் குழம்பு வாசனைக்குப் பயந்து நான் வீட்டை விட்டு நழுவி, நம் ஹாஜா முகைதீன் கடையில் போய் நின்றேன். வலையும் கயிறும் விற்கிற கடை, நீ பார்த்திருக்கிறாய். அவர் மகள் வீட்டுக்குக் காயல்பட்டினம் போயிருந்து அன்றுதான் திரும்பியிருந்தார். என் சங்கதி எதுவும் அவருக்குத் தெரியாது.

“என்னண்ணே, மொகம் வாடிக் கெடக்கு. ஒண்ணும் பேச மாட்டேங்கிறீக?”

நீ எழுதியது மண்டைக்குள் இருந்ததா, அதையே சைகையில் விளக்கிவிடலாம் என்று நினைத்தேன். தொண்டையைத் தொட்டேன். மேலே தொங்கிய நைலான் கயிற்றைக் காட்டினேன். விரலால் ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினேன். எல்லாம் முடிந்தது என்கிற மாதிரி கையை விரித்தேன். தொண்டைக் கயிற்றில் முடிச்சு விழுந்து தொழில் போச்சு, இதற்கு மேல் தெளிவாக எப்படிச் சொல்வது. ஹாஜா முகைதீன் முகத்தில் ரத்தம் இல்லை. தலைக்கு மேல் ஐம்பது சுருள் கயிறு தொங்கிக்கொண்டிருக்க, “இன்னைக்குக் கயிறு வரலண்ணே, சரக்கே இல்ல. மொதல்ல உக்காருங்க, டீ குடிங்க” என்று சொல்லிக் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டார்.

ஐயோ, இவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாரே என்று பதறி, அங்கே கிடந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, ‘என் நாண் கெட்டுவிட்டது’ என்று எழுதிக் காட்டினேன். குரல்நாண் என்று முழுசாக எழுதியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. அவர் அதை இரண்டு தரம் படித்தார்.

“நாண்னா வெக்கம்தானே. மானம் கெட்டுப்போச்சுங்கிறீகளா? யாருண்ணே ஒங்க மானத்தக் கெடுத்தது? அதுக்காக உசுர விடுவாகளா? அல்லா குடுத்த உசுருண்ணே.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமில்லாமல் சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும். நான் அழுகிறேன் என்று நினைத்து அவரும் அழுதார். அவர் அழுவதைப் பார்த்து எனக்கும் நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்தது. இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்காக ஒரு மனுஷன் அழுகிறான், ஆனால் தப்பான காரியத்துக்கு அழுகிறான். சாயங்காலம்வரை அங்கேயே காவல் இருந்து, பிறகு என்னைப் பைக்கில் உட்காரவைத்து, நான் குதித்துவிடாமல் பின்னால் ஒரு ஆள் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். பூமயிலுக்கு முன்னாலேயே போன் போயிருந்தது. தெருவே வாசலில் நின்றது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். சரியாக அந்த நேரத்தில் உப்பூர்க் கார் வந்து நின்றது.

பையனின் தகப்பனார் முனியசாமி பழத் தட்டோடு இறங்கினார். கூட்டத்தைப் பார்த்துத் தயங்கி, பக்கத்தில் நின்ற ஹாஜா முகைதீனிடம் மெதுவாகக் கேட்டார்.

“ஏதும் துக்கமாங்க?”

“இன்னும் இல்லங்க” என்றார் அவர்.

அவர்களை உள்ளே அழைத்து உட்காரவைத்ததே பானுப்பிரியாதான். பையனின் தாயார் ராமலெட்சுமி, “அண்ணனுக்கு என்ன செய்யுது?” என்று கேட்டார். பூமயில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவுகளுக்குக் கார்டு கெட்டுப்போச்சு மதினி” என்றாள். எந்தக் கார்டு, ஆதாரா என்று அந்த அம்மாள் கேட்க, “இல்ல, இது குடல்லேருந்து வந்தது” என்று இவள் சொல்ல, அதற்குப் பிறகு அந்த அம்மாள் காபித் தம்ளரைத் தொடவில்லை. பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முனியசாமி மட்டும், வீட்டில் யாருமே பேசாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று, என் பக்கம் திரும்பித் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அங்கிருந்து போர் போட்டுத் தண்ணீர் உப்பாக வந்த கதைக்குப் போனார், அங்கிருந்து தன் தம்பியோடு உள்ள வரப்புத் தகராறுக்குப் போனார். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய. இருட்டும் நேரத்தில் எழுந்தார்கள். “கலந்து பேசிட்டுச் சொல்றோம்” என்றார் அந்த அம்மாள். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று உனக்கும் தெரியும்.

அவர்கள் வாசலைத் தாண்டும்போது எனக்குப் பொறுக்கவில்லை, மாப்பிள்ளை. குரல் போனால் போகிறது, என் மகளுக்காக ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். பானுப்பிரியா ஓடிவந்து என் வாயைக் கையால் பொத்தினாள்.

“வேணாம்யா. மாப்பிள்ள வேற கெடைக்கும். ஒங்களுக்குத் தொண்ட ஒண்ணுதான் இருக்கு.”

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். நான் அடுப்படி வாசலில் நின்றேன். ஆறுதல் சொல்ல ஆயிரம் வார்த்தை இருந்தது, ஒன்றையும் எடுக்க முடியவில்லை. இப்படி ஒரு கஷ்டம் யாருக்கும் வரக் கூடாது.

ஆகையால் நான் கேட்டுக்கொள்வது என்னவென்றால், அடுத்த இதழில், குடலுக்கும் தொண்டைக்கும் சம்பந்தம் இல்லை, விளக்கெண்ணெய் வேண்டாம் என்று உன் கையெழுத்தோடு ஒரு திருத்தம் போட வேண்டும். உன் அக்காள் வேறு யார் சொன்னாலும் கேட்க மாட்டாள். பானுப்பிரியாவுக்கு ஒரு நல்லது நடக்கிறவரை வேறு எந்த வார்த்தைக்கும் நீ பொருள் எழுத வேண்டாம். பொருள் தெரியாமலே நாங்கள் நன்றாக இருந்தோம். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லு. பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உரக்கச் சொன்னதாக நினைத்துக்கொள்ளச் சொல்லு.

இப்படிக்கு,
வாயிருந்தும் இல்லாத உன் மச்சான்,
நாகநாதன்

பின்குறிப்பு: தபாலில் போடாமல் இந்தக் கடிதம் சட்டைப் பையிலேயே ஒரு வாரம் கிடந்துவிட்டது. நேற்று ராமலெட்சுமி அம்மாள் போன் செய்தார். சம்மதமாம். “எங்க வீட்டுக்காரர் பேசுறத இதுவரைக்கும் ஒருத்தரும் உக்காந்து முழுசாக் கேட்டதில்ல. குறுக்க ஒரு வார்த்த பேசாம கேட்டாக அண்ணன். இந்த இடத்த விட்டா வேற இடம் இல்லன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாக” என்றாராம். அதைக் கேட்டதும் என்னையறியாமல் “பூமயிலு” என்று கூப்பிட்டுவிட்டேன். கணீரென்று தெரு முனைவரை கேட்டது. இன்று காலை டாக்டரும் பார்த்துவிட்டு முடிச்சு கரைந்துவிட்டது, பேசலாம் என்றார். ஆனால் தாலி ஏறுகிறவரை எனக்குத் தொண்டை சரியாகவில்லை என்று உன் அக்காள் முடிவு செய்துவிட்டாள். சம்பந்தி நாளை திரும்பவும் வருகிறார், வரப்புத் தகராறில் பாதி பாக்கி இருக்கிறதாம். எனவே திருத்தம் எதுவும் போட வேண்டாம். குடல் குழம்பும் இப்போது பழகிவிட்டது. வைகாசியில் கல்யாணம், குடும்பத்தோடு முன்கூட்டியே வந்துவிடு. வந்து என்னிடம் மட்டும் எதுவும் கேட்காதே, பதில் சொல்லிவிடுவேன்.