'மணமகன் தேவை' மாறவில்லை

'ஒரு வரி மாறியது' என்று டிஜோவின் புரோகிராம் ஆறாவது தடவையாகச் சொல்லிவிட்டது. பக்கத்தைத் திறந்தால் பிரிஜாவின் படத்துக்குக் கீழே பழையபடி 'மணமகன் தேவை'.

"தேவையில்லேன்னு போடு மக்கா! எனக்க மவளுக்கு நிச்சயம் முடிஞ்சாச்சு. ஞாயித்துக்கிழமை கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கப் போறாவ!"

பிரிஜாவின் அப்பா ததேயுஸ் மேசையைத் தட்டினார். குவைத்தில் வெள்ளிக்கிழமை லீவு. அங்கே வேலை பார்க்கும் மாப்பிள்ளை காலையிலிருந்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு போன் மேல் போன் போடுகிறான். மத்தியானத்துக்குள் மாறாவிட்டால் கல்யாணமே வேண்டாமாம்.

புதுக்கடை ஜங்ஷனில் இருக்கும் இந்தத் திருமணத் தகவல் மையத்துக்கு வெப்சைட் எழுதிக் கொடுத்தவன் டிஜோ. அவனுக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். பிழை என்று ஏதாவது காட்டினால் சண்டை போடலாம். இது மாற்றிவிட்டேன் என்றும் சொல்கிறது, மாற்றவும் மாட்டேன் என்கிறது. எப்படி?

பெயரைத் தேடும் இடத்தில்தான் கோளாறோ என்று 'பிரிஜாவுக்கு மட்டும்' என்ற நிபந்தனையைத் தூக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தான்.

'எண்ணூற்றுப் பன்னிரண்டு வரிகள் மாறின.'

ஐயோ! பதிந்திருந்த அத்தனை குமரிகளுக்கும் ஒரே நொடியில் நிச்சயம் ஆகிவிட்டது.

"எனக்க மவளுக்கு யாருல நிச்சயம் பண்ணினது?" என்று அருமனையிலிருந்து முத்துக்கனி அக்கா போனில் கத்தினாள்.

பதறிப்போய் எல்லோரையும் 'மணமகன் தேவை' என்று திருப்பினான். போன வருஷமே தாலி கட்டிப் போனவர்களுக்கும் மாப்பிள்ளை தேவைப்பட்டது.

"எனக்க பெண்டாட்டிக்கு எதுக்குடே இன்னொருத்தன்?" என்று சவுதியிலிருந்து ஒரு ஆள் கேட்டான். நியாயமான கேள்விதான்.

நேற்றைய பேக்கப்பைப் போட்டு ஊரை ஒருவழியாகச் சரிசெய்தான். பிறகு பிரிஜாவை மட்டும் மாற்றி, கண்ணிமைக்காமல் திரையைப் பார்த்தான். 'நிச்சயம் ஆனது'. ததேயுஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

இருபது விநாடி. மறுபடியும் 'மணமகன் தேவை'.

"உனக்க சவத்துப் புரோகிராமுக்கு எனக்க மவ மேல என்ன வெறுப்புல?"

"அதான் மாமா எனக்கும் தெரியல்ல!"

மையத்தின் போன் அடித்தது. குவைத்தாகத்தான் இருக்கும் என்று ததேயுஸே ஸ்பீக்கரைப் போட்டார்.

"டிஜோ அண்ணா, நான் பிரிஜா. இந்த மாப்பிள்ளை வேண்டாம்னு அப்பாட்ட எத்தனை தடவை சொன்னாலும் ஏறல்ல. நீங்க மாத்த மாத்த நானும் எனக்க பாஸ்வேர்டப் போட்டுத் திருப்பிட்டே இருக்கேன். கொஞ்சம் நிறுத்துங்க, கை வலிக்கு!"